ஆத்தா ஃபிலிமும் பேன் ஃபிலிமும்

திண்டுக்கல் ஊர் முழுவதையும் கறுப்பாக்கிய பெருமை ஒரே ஒரு மனிதரைத்தான் சேரும். வெயிலுக்கு அதில் பங்கே கிடையாது. ஐம்பதுகளின் கடைசியிலிருந்து சில வருஷங்களுக்கு, அந்த ஊரில் யார் வீட்டுச் சுவரில் கல்யாண போட்டோ தொங்கினாலும் மாப்பிள்ளை கரிக்கடையிலிருந்து நேராக வந்தவர்போல நிற்பார். பெண் அவருக்குச் சளைக்காத கறுப்பாக இருப்பாள். அவள் நெற்றியில் ஆணி அடித்த ஓட்டைபோல ஒரு கரும்பொட்டு இருக்கும். விருந்துக்கு வந்தவர்கள் அதைப் பார்த்த உடனே, ஆத்தாக்காரரிடம் எடுத்ததா என்று கேட்டுவிடுவார்கள்.

ஆத்தாக்காரர் என்பது அவர் பெயர் இல்லை. பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் ஊரில் ஒருவருக்கும் ஆள் தெரியாது. அந்தக் காலத்தில் ஃபிலிமில் இரண்டு வகை. பழைய வகைக்கு ஆர்த்தோ என்று பெயர். அதற்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு எது கண்ணில் பட்டாலும் கறுப்பு என்று பதிந்துவிடும். பான் என்று ஒரு புது வகை வந்தது. அதற்குச் சிவப்பும் நன்றாகத் தெரியும். அதனால் வந்த வினை என்னவென்றால், மாநிற நெற்றியையும் அதில் வைத்த குங்குமத்தையும் அது ஒரே சாம்பல் நிறமாகப் பார்த்துவிடும். படத்தில் பொட்டு காணாமல் போய்விடும்.

ஆர்த்தோ எங்கள் ஊர் வாயில் விழுந்து ஆத்தாவாகிவிட்டது. பான் ஃபிலிமை விற்க மதுரையிலிருந்து வந்த ஏஜெண்ட் இங்கிலீஷ்காரர் மாதிரி 'பேன்' என்றார். அதுவும் அப்படியே நிலைத்துவிட்டது. பேன் ஃபிலிமில் எடுத்தால் தலை அரிக்குமா என்று ஓர் அம்மாள் உண்மையான கவலையோடு விசாரித்ததை நானே கேட்டிருக்கிறேன். ஆத்தா ஃபிலிமைப் பற்றி யாருக்கும் இந்தக் கவலை வரவில்லை. அம்மன் பெயர் கொண்ட ஃபிலிம், அதனால்தான் பொட்டு அப்படித் துலங்குகிறது என்று பெண்கள் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். சிலர் காமிராவுக்கு முன்னால் உட்காரும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். கணக்கும் பூகோளமும் என் தலையில். கல்யாணம் ஆகாத வாத்தியாருக்கு யாரும் வீடு தராத ஊரில், ஆத்தாக்காரர் தம் ஸ்டூடியோவின் மாடி அறையை எனக்குக் கொடுத்தார். கீழே முன்பக்கம் ஸ்டூடியோ. பின்பக்கம் அவரும் அவர் மனைவியும். அவரை அண்ணே என்றும் அந்த அம்மாளை மதினி என்றும் கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சோற்றுக்கு மதினி செய்யும் வெஞ்சனத்தில் எனக்கும் ஒரு கிண்ணம் மாடிக்கு வரும். மதினி கீழே சிரித்தால் மேலே எனக்குக் கேட்கும். அந்த வீட்டில் சிரிக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

ஸ்டூடியோ வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் படங்களை மாட்டி வைத்திருந்தார். எல்லாம் பெண்கள். உதடு கறுத்து, முகம் கறுத்து, கண்ணின் வெள்ளை மட்டும் பிதுங்கி, நடு நெற்றியில் கறுப்பு வட்டம். தெருவில் போகிறவர்களை அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை, பொட்டால் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். சாயங்காலம் பால் வாங்கப் போகிற பெண்கள் அந்த இடம் வந்ததும் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார்கள். நானும் மாறியிருக்கிறேன். வாத்தியார் என்பதால், எதிர்ச்சாரியில் யாரையோ தேடுகிற பாவனையோடு மாறுவேன்.

படம் எடுக்கும் முறையும் அதற்கேற்ற மாதிரிதான். கூரையில் பதித்த கண்ணாடி ஓடுகள் வழியாக விழும் வெயில்தான் விளக்கு. அந்த வெளிச்சத்துக்கு அவருடைய ஃபிலிம் சோம்பேறி. லென்ஸ் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பழனி முருகனின் பெயர்களை அவர் நிதானமாகச் சொல்லி முடிக்கும் வரை ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும்.

"பொணமாட்டம் இருங்க. செத்த நேரம் பொணமா இருந்துட்டா, அப்பறம் ஆயுசு பூரா உசுரோட இருக்கலாம்" என்பார். சொல்கிற குரலில் வேடிக்கை துளியும் இருக்காது. கல்யாணம் ஆன மறுநாள் ஆசையாக வந்த ஜோடிகள், வியர்த்து வெளிறிக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போவதை மாடியிலிருந்து பார்ப்பேன்.

உண்மையான பிணத்தைப் படம் எடுக்கவும் அவரைத்தான் அழைப்பார்கள். நிலக்கோட்டையில் பூ வியாபாரம் செய்த ஒரு பெரியவர் இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். பெரியவரை நாற்காலியில் உட்கார்த்தி, அவர் தோட்டத்து மல்லிகையையே மாலையாகப் போட்டிருந்தார்கள். மகன்களும் மருமக்களும் சுற்றி நின்றார்கள். அண்ணன் மூடியைக் கழற்றி முருகனை ஆரம்பித்தார். பாவம், அவர்கள் அழுது குலுங்கினார்கள்.

படம் வந்தபோது, சுற்றி நின்ற அத்தனை பேரும் புகையாகிவிட்டிருந்தார்கள். ஒருவருக்கும் கண் மூக்கு நிலையாக இல்லை. நடுவில் பெரியவர் மட்டும் கல்லில் செதுக்கியதுபோல், மீசை மயிர் வரைக்கும் துல்லியமாக உட்கார்ந்திருந்தார். மூத்த மகன் படத்தைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எங்கள்ல யாருங்க செத்தது?" என்று கேட்டார்.

அண்ணனுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கும்.

இந்த மனிதர் ஏன் இந்தப் பழைய ஃபிலிமைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மத்தியானம் அதைக் கேட்டே விட்டேன். அவர் என்னை இருட்டறைக்குள் அழைத்துப் போனார். ஒரே ஒரு சிவப்பு பல்பு. தட்டில் மருந்துத் தண்ணீர். அதில் ஒரு வெள்ளைத் தாளை நழுவவிட்டு, முதலில் என்ன வருகிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னார்.

முதலில் வந்தது முகம் இல்லை. வெள்ளைத் தாளின் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தது. கண் இல்லை, வாய் இல்லை, தலை இல்லை. அது மட்டும் தண்ணீருக்கடியில் கொஞ்ச நேரம் தனியாக இருந்தது. அப்புறம் அதன் மேலே கூந்தல் இறங்கியது. கடைசியில் ஒரு முகம் எங்கிருந்தோ வந்து அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டது.

"பொட்டுதான் வாத்தியாரே ஆளு. மத்ததெல்லாம் அதுக்குத் தொணைக்கு வர்றது" என்றார்.

ஆத்தா ஃபிலிமைச் சிவப்பு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். பேன் ஃபிலிமைக் கும்மிருட்டில் கழுவ வேண்டும். சிவப்பு வெளிச்சம் பட்டால் அது கெட்டுப்போகும். இருட்டுக்குள் அது என்ன செய்கிறது என்று யாருக்குத் தெரியும் என்றார். அப்புறம் தம்முடைய முதல் பேன் ரோலின் கதையைச் சொன்னார்.

பேன் ஃபிலிம் புதிதாக வந்தபோது அந்த மதுரை ஏஜெண்ட் ஒரு ரோலைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணனும் ஆசையாக எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒட்டன்சத்திரம் சந்தையில் ஒரு லாரி டிரைவர் தன் மனைவியை லாரிக்கு முன்னால் நிறுத்தி எடுக்கச் சொன்னான். வத்தலக்குண்டில் ஒரு வெற்றிலை வியாபாரியின் மனைவி. இன்னும் சில பேர். கழுவி, கிளிப்பில் மாட்டிப் பார்த்தால் ஒருத்தி நெற்றியிலும் பொட்டு இல்லை. புருஷன் உயிரோடு இருக்கிற கட்டுக்கழுத்திகள் எல்லோரும் வெறும் நெற்றியோடு ஈரம் சொட்டிக்கொண்டு தொங்கினார்கள்.

படத்தைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, தக்காளி ஏற்றிக் கேரளாவுக்குப் போன அந்த லாரி மலைப்பாதையில் கவிழ்ந்தது. டிரைவர் இறந்துபோனான். கொஞ்ச நாளில் வெற்றிலை வியாபாரியும் போய்விட்டார்.

இந்த இடத்தில் நான் குறுக்கிட்டேன். அந்த வியாபாரி தள்ளாத கிழவர், நெடுங்காலமாகப் படுக்கையில் கிடந்தவர் என்பது எனக்கே தெரியும்.

"அவரு படுத்த படுக்கையாக் கெடந்தாரேண்ணே."

"கெடந்தாரு. போகலையே. படம் எடுத்தப்பறந்தான போனாரு?"

கணக்கு வாத்தியாரான நான் மனசுக்குள் தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

"அதுகூடக் கெடக்கட்டும்" என்றார். லாரி டிரைவரின் மனைவி ஒரு நாள் படத்தை வாங்கிக்கொள்ள அவளாகவே வந்தாளாம். புருஷன் கடைசியாக ஆசைப்பட்டு எடுத்த படம் அல்லவா? படத்தோடு வாசலுக்கு வந்த அண்ணன், நின்றவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் எப்படி வெறும் நெற்றியோடு இருந்தாளோ, அப்படியே வந்து நின்றாள். அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனாள். இதைச் சொல்லி முடித்தபோது அவர் குரல் ரொம்ப இறங்கிவிட்டது. நானும் அதற்குமேல் தர்க்கம் செய்யவில்லை.

அன்றிலிருந்து அவருடைய ஸ்டூடியோவில் ஒரு சட்டம். பொட்டு வைக்கிற சனத்துக்கு ஆத்தா ஃபிலிம். பொட்டு வைக்காத சனத்துக்குப் பேன் ஃபிலிம். அவர்களிடம்தான் பறிக்க அதற்கு ஒன்றும் இல்லையே.

இதனால் ஊரில் பெரிய குழப்பம் உண்டாயிற்று. தோல் மண்டி வைத்திருந்த பாய் ஒருவர் பினாங்குக்குப் போகப் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டார். பேன் ஃபிலிம் அவரைப் பதினாறு வயது மாப்பிள்ளை மாதிரி சிவப்பாகக் காட்டிவிட்டது. "மாஷா அல்லா, நானா இது? பினாங்குல இறங்கவிட மாட்டானே" என்று கவலைப்பட்டார். ஆனால் படத்தைத் திருப்பித் தரவில்லை. கூடுதலாகப் பிரதிகள் போட்டுச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். அவர் மண்டிக் கணக்கப்பிள்ளை, நெற்றி நிறைய விபூதியும் குங்குமமும் வைப்பவர், முதலாளி மாதிரியே தனக்கும் வேண்டும் என்று வந்து, அடுப்புக் கரி மாதிரித் திரும்பிப் போனார். என்னைப் போன்ற வேதக்காரர்களின், அதாவது கிறிஸ்தவர்களின், படங்களும் பளிச்சென்று விழுந்தன. வேதத்தில் சேர்ந்தால் போட்டோவில் சிவப்பாக விழலாம் என்று கடைவீதியில் ஒரு பேச்சு கிளம்பி, எங்கள் மாதா கோயில் சாமியார் வரைக்கும் போய்விட்டது.

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார், வரன் பார்க்கிற பெண்ணோடு வந்தார். "ஏனுங்க, அந்தப் பாய்க்குப் போட்ட ஃபிலிமையே எங்க புள்ளைக்கும் போடக் கூடாதுங்களா? இவளுக்கு இன்னும் கண்ணாலமே ஆகலீங்க. யாருக்கு என்ன ஆயிருமுங்க?" என்று நியாயமாகத்தான் கேட்டார். அண்ணன் யோசித்தார். எங்கோ ஓர் ஊரில், ஒரு பாவமும் அறியாமல் நடமாடிக்கொண்டிருக்கும் அந்த வருங்கால மாப்பிள்ளையை நினைத்துப் பார்க்கச் சொன்னார். தகப்பனார் நினைத்துப் பார்த்தார். பெண் ஆத்தா ஃபிலிமிலேயே விழுந்தாள்.

இப்படி இருக்கும்போது எனக்குக் கல்யாணம் ஆனது. வத்தலக்குண்டுக்கு அந்தாண்டை ஒரு கிராமத்துப் பெண். லூர்து என்று பெயர். படம் எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழே இறங்கினோம். அண்ணனுக்கு மகிழ்ச்சி. பெண் வீட்டாரும் வேதக்காரர்கள் என்று விசாரித்து, பேன் ஃபிலிமை மாட்டி வைத்திருந்தார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு லூர்துவின் நெற்றி வெறுமையாக இருப்பதை நன்றாகப் பார்த்துக்கொண்டார். தெருப்பக்கமிருந்து வெளிச்சம் கூசுகிறது என்று வாசல் திரையை இழுத்துவிடப் போனார்.

அந்த நேரத்தில்தான் மதினி குங்குமச் சிமிழோடு பின்பக்கத்திலிருந்து வந்தார். "கல்யாணம் ஆன புள்ள வெறும் நெத்தியோட நிக்கலாமாத்தா" என்று சொல்லி, மோதிர விரலால் லூர்துவுக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். லூர்து வெட்கத்தோடு தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது. என் கவனமெல்லாம் இரவல் வாங்கிக் கட்டியிருந்த டையில். திரும்பி வந்த அண்ணனின் கவனமும் அந்த டையில்தான். அது ஒரு பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தது. டையைப் பார்த்துக்கொண்டே மூடியைக் கழற்றினார். முருகனைச் சொன்னார். மூடினார். அப்புறம்தான் நிமிர்ந்து லூர்துவைப் பார்த்தார்.

லென்ஸை மூடிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். காமிராவுக்குள் இருந்தது பேன் ஃபிலிம்.

அந்தப் படத்தை அவர் கழுவவில்லை. கழுவாதவரைக்கும் எதுவும் முடிவாகவில்லை என்பது அவர் கட்சி. மருந்து தீர்ந்துபோச்சு என்றார், தண்ணீர் சரியில்லை என்றார், நாள் சரியில்லை என்றார். என் மாமியார் வத்தலக்குண்டு பஸ்ஸில் வருகிற ஒவ்வொருவரிடமும் படம் என்ன ஆயிற்று என்று கேட்டு அனுப்பினார். லூர்துவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கம்.

முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து ஓர் ஓடு சரிந்து என் நாற்காலியில் விழுந்தது. நான் அப்போதுதான் கரும்பலகைக்கு எழுந்து போயிருந்தேன். இன்னொரு நாள் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு லாரி பின்னால் வந்து என் கைப்பையைத் தட்டிவிட்டுப் போனது. ஓடு விழுவதும் லாரி உரசுவதும் உலகத்தில் நடக்கிற சங்கதிகள்தான். ஆனால் ஒருவனுடைய படம் ஒன்று இருட்டில் கழுவப்படாமல் காத்துக்கொண்டிருக்கிறது என்றால், அவனுக்கு ஓடு வெறும் ஓடாகத் தெரியாது. ஜெபமாலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடமாட ஆரம்பித்தேன். லூர்துவின் நெற்றியைப் பார்க்கவே பயமாக இருந்தது. இருபத்தைந்து வயதில் சாக யாருக்கு மனசு வரும்?

கடைசியில் பொறுக்க முடியாமல், என்ன ஆனாலும் ஆகட்டும், கழுவிவிடலாம் என்று நானே சொன்னேன். அவர் என்னைக் கூட வந்து நிற்கச் சொன்னார். தனியாக நிற்க அவருக்குப் பயம் என்று எனக்குப் புரிந்தது. உச்சி வெயிலில், ஊரெல்லாம் கண் கூசுகிற நேரத்தில், நாங்கள் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் திரையை இழுத்தோம். சிவப்பு பல்பையும் அணைத்தார். என் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தேன். கை இல்லை.

பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார். எனக்கு என்ன பேச வரும்? பூகோளம்தான் வரும். மதுரை ஜில்லாவின் ஆறுகளைச் சொல்ல ஆரம்பித்தேன். வைகை, மஞ்சளாறு, மருதாநதி, சண்முகநதி என்று போய்க்கொண்டிருந்தேன். தட்டில் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. திடீரென்று அந்தச் சத்தம் நின்றது.

"வாத்தியாரே, எனக்கு எந்தப் பக்கம் நிக்கிறீக?"

"இடது பக்கம்ணே."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப வலது பக்கம் மூச்சு விடுறது யாரு?"

என் ஆறுகள் எல்லாம் அந்த இடத்திலேயே வற்றிப்போயின. நானும் உற்றுக் கேட்டேன். உண்மைதான். அவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு மூச்சு நிதானமாகப் போய் வந்துகொண்டிருந்தது. விளக்கைப் போட்டால் ஃபிலிம் கெட்டுவிடும். கெட்டால் என் கதி என்ன என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. ஓடவும் முடியாமல் நின்றோம். அண்ணனின் கை என் கையைத் தேடி வந்து பிடித்தது. ஆனால் அவர் பேசியபோது குரல் நடுங்கவில்லை.

"யாரா இருந்தாலும் கேளு. வாத்தியாரை விட்டுரு. அவரு இப்பத்தான் கல்யாணம் முடிச்சவரு. அந்த மொத ரோல்ல கடைசிப் படம் யாரு தெரியுமா? என் வீட்டுக்காரி. ரோலு மிஞ்சிக் கெடக்கேன்னு அவளை நிக்க வச்சு நானே எடுத்தேன். அவ நெத்தியும் வெறிச்சோடித்தான் கெடக்கு. அது எனக்கு வந்த ஓலை. இம்புட்டு வருசமா காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கூட்டிட்டுப் போறதுன்னா என்னையக் கூட்டிட்டுப் போ."

இருட்டுக்கு வலது பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"நான்தாங்க."

மதினி. தண்ணீர்க் குடம் வைக்க உள்ளே வந்தவர். அவர் மூலையில் இருந்தது வெயிலிலிருந்து வந்த எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நாங்கள் கதவைச் சாத்திவிட்டோம். நடுவில் கதவைத் திறந்தால் ஃபிலிம் கெட்டுப்போகும் என்று அண்ணன் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். அதற்குப் பயந்து மூச்சுக்கூடப் பார்த்து விட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். சிரித்திருக்க வேண்டிய நேரம். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

மதினிதான் முதலில் கேட்டார்: "எனக்கு முந்திப் போயிருவோம்னா இத்தனை வருசமா பயந்துக்கிட்டு இருந்தீக?"

அண்ணன் தட்டை மறுபடி ஆட்ட ஆரம்பித்தார்.

"நான் முந்திக்கிட்டேன்னா உங்க ஃபிலிமு தோத்துருமுல்ல?"

சொல்லிவிட்டு மதினி சிரித்தார். மாடிக்குக் கேட்கும் அதே சிரிப்பு. ஆனால் முகம் தெரியாமல், சிரிப்பு மட்டும் இருட்டில் பக்கத்தில் வந்தது.

படம் வந்தது. லூர்துவின் நெற்றியில் பொட்டு இல்லை. மற்றபடி அவ்வளவு அழகான படம். என் மாமியார் உச்சி குளிர்ந்துபோனார். அண்ணன் மட்டும் என் உயிரைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் குடையோடு நிற்பார். தெருவைத் தாண்டும்போது கையைப் பிடித்துக்கொள்வார். பையன்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கொடைக்கானல் போகிற பஸ்ஸில் நான் ஏறுவதைத் தடை செய்தார். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு எனக்குப் பதிலாக டிராயிங் மாஸ்டர்தான் போனார். நாம் இரண்டு பேரும் ஒரே கண்டத்தில் மாட்டியவர்கள், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று என்னிடம் மெல்லச் சொல்வார். தமக்கு மட்டும் எந்த ஜாக்கிரதையும் பார்த்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் மதினிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். நெற்றி நிறையக் குங்குமமும் தலை நிறையப் பூவுமாக மதினியைக் கொண்டுபோனார்கள். பெண்கள் எல்லோரும் கொடுத்துவைத்த மகராசி என்றார்கள். அண்ணன் அழவில்லை. ஒரு பஸ்ஸுக்காக வருஷக்கணக்கில் காத்து நின்றவர், அது வந்து பக்கத்தில் நின்றவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்ததுபோல விழித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "முந்திக்கிட்டா வாத்தியாரே. வெளையாட்டுக்குச் சொல்றான்னுல்ல நெனச்சேன்" என்றார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் அவர் ஆத்தா ஃபிலிமைத் தொடவே இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் பேன் ஃபிலிம்தான். அதனால் ஒருவர் புருஷனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது பதினாறாம் நாள் நடந்ததை.

சுவரில் மாட்ட மதினியின் படம் வேண்டும். அண்ணன் இரண்டு படங்களைக் கொண்டுவந்து பாயில் வைத்தார். ஒன்று ஆத்தா ஃபிலிமில் எடுத்தது. கறுத்த முகம், இறுகிய உதடு, நெற்றியில் வட்டமாகக் கரும்பொட்டு. இன்னொன்று அவர் யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைத்திருந்த அந்தக் கடைசிப் படம். மீதி ஃபிலிமை வீணாக்க வேண்டாமே என்று கொல்லைப்புறத்தில் எடுத்தது. வேண்டாம் என்று மதினி கையைத் தூக்கியிருக்கிறார், முடி கலைந்திருக்கிறது, சிரிப்பு பாதியில் இருக்கிறது. நெற்றி வெறுமை. அண்ணன் அந்தப் படத்துக்குத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்த மதினியின் அண்ணன் பதறிப்போனார். "ஏனுங்க மாப்பிள்ளை, சுமங்கலியாப் போனவளுங்க. பொட்டில்லாத படத்தையா மாட்டுவீங்க?" என்றார். வந்திருந்த பெண்களும் கூடாது என்றார்கள்.

அண்ணன் ஆத்தா ஃபிலிம் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இது நான் பொணமாட்டம் இருன்னு சொல்லி எடுத்தது. சொன்னபடி இருந்தா" என்றார். பிறகு மற்ற படத்தைத் தொட்டார். "இதுல பொட்டு இல்லைங்கிறதை மட்டுந்தான் மச்சான் இத்தனை வருசமும் பாத்தேன். அவ சிரிச்சுக்கிட்டு இருந்ததை நான் பாக்கவே இல்லை."

அவரே எழுந்து மதினியின் குங்குமச் சிமிழை எடுத்துவந்து, மோதிர விரலால் தொட்டு, கண்ணாடிக்கு மேலே அந்த நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். சிவப்பாக வந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டார். என் வெள்ளைச் சட்டையில் அவருடைய குங்கும விரல் அப்படியே பதிந்துவிட்டது. மாடிக்குப் போனதும் லூர்து, கறை பிடிப்பதற்குள் கழற்றிக் கொடுங்கள், அலசிவிடுகிறேன் என்றாள். எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை.